சீனி போடாத தேத்தண்ணி

போன வாரம் முழுவதும் நான் சீனியில்லாத தேநீர் குடித்தேன்.

விரதம் இல்லை. கடையில் சீனித் தட்டுப்பாடும் இல்லை. என் அக்காவுக்கு என்மேல் அன்பு கூடிவிட்டது — அதுதான் காரணம். அந்த அன்பைக் காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை குடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... புனைபெயரில் ஒளிந்துகொண்டு ஊருக்கு உபதேசம் செய்கிறவன் நான். மனைவியோடு கோபமா? மனம் விட்டுக் கதையுங்கள். மகன் படிக்க மாட்டேன் என்கிறானா? மனம் விட்டுக் கதையுங்கள். ஒபிஸில் மேலதிகாரியோடு கரைச்சலா? அதற்கும் அதே. ஒருமுறை ஒரு வாசகர் எழுதியிருந்தார் — "ஐயா, உங்கள் டிஸ்பென்சரியில் ஒரேயொரு மருந்துதான் இருக்கிறது போல." உண்மைதான். அந்த ஒன்றையும் நான் வாயில் வைத்ததில்லை.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது.

தெரிய வந்து இரண்டு வருடம். எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கேளுங்கள், பிழையில்லை. ஆனால் பதில் சொல்ல மாட்டேன். தடிமன் பிடித்து மூக்கொழுகுகிறவனைக் கண்டால் யாரிடமிருந்து தொற்றியது என்று எவரும் விசாரணை வைப்பதில்லை. கொத்தமல்லி அவித்துக் குடி என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அந்த மரியாதை போதும்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் அக்காவும் நானும் இருக்கிறோம். அத்தான் காலமாகிவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். அக்காவுக்கு விசா கைக்கு வந்துவிட்டது. வெள்ளவத்தையில் பாதிப் பேர் அந்த ஒரு முத்திரைக்காகத்தான் லொட்ஜ் அறைகளில் காத்துக் கிடக்கிறார்கள். அக்காவோ அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "உன்னை ஒருத்தியின்ர கையில பிடிச்சுக் குடுத்திட்டுத்தான் நான் பிளேன் ஏறுவன்" என்று நிற்கிறார். எனக்கு வயது நாற்பத்திரண்டு. தலையில் பாதி போய்விட்டது.

அக்காவைப் பற்றி இரண்டு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அவருக்கு எச்சில் ஆகாது. செம்பை அண்ணாந்துதான் குடிப்பார். அத்தான் குடித்த கோப்பையில்கூட அவர் வாய் வைத்து நான் கண்டதில்லை. இரண்டு, அச்சடித்த எழுத்து எதைக் கண்டாலும் வாசிப்பார். வடை சுற்றி வந்த பேப்பரைக்கூட விரித்து, எண்ணெயைத் துடைத்து, மரண அறிவித்தல் வரை படித்துவிட்டுத்தான் எறிவார்.

கிளினிக்கில் டொக்டர் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார் — கோப்பையால், தட்டால், தொட்டுக் கதைப்பதால் இது தொற்றாது என்று. நானும் படித்த மனிதன் மாதிரித் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நீலப் பூப்போட்ட பழைய கோப்பை ஒன்றை எனக்கென்று ஒதுக்கினேன். அதை வேறு யாரும் தொடக்கூடாது. நானே கழுவுவேன், நானே கவிழ்ப்பேன். அக்கா கவனித்தார். "இப்பதான் உனக்கு நாப்பது வயசில புத்தி வந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டார். எச்சில் பார்க்கிற வீட்டில் ஒளிந்திருப்பது எவ்வளவு சுகம், பார்த்தீர்களா?

அடுத்தது குளிசைப் போத்தல். அதில் லேபல் இருந்தது. அக்காவின் கண்ணில் பட்டால் மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, பார்மசிக்காரனிடம் அர்த்தமும் கேட்டுவிடுவார். ஆகவே நான் லேபலைக் கிழித்தேன். நகத்தால் சுரண்டி, தண்ணீரில் ஊறவைத்து, ஒரு எழுத்துக்கூட மிஞ்சாமல். எவ்வளவு பெரிய கெட்டிக்காரன்! கொழும்பில், சண்டை நடக்கிற இந்தக் காலத்தில், பெயரில்லாத போத்தலில் பெயரில்லாத வெள்ளைக் குளிசைகளைப் போட்டு, தோள் பையில் வைத்துக்கொண்டு, சோதனைச் சாவடிகளைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போய் வந்த தமிழன் என்னைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா?

இனி பிலோமினா. கொட்டாஞ்சேனைக்காரர். புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் டைப்பிஸ்ட். கணவர் இல்லை. எனக்கு இருப்பது அவருக்கும் இருக்கிறது, என்னைவிட நாலைந்து வருடம் சீனியர்.

கிளினிக்கில் ஆலோசனை சொல்கிற மிஸ்தான் அவரைச் சந்திக்கச் சொன்னார். உங்களைப் போல ஒருவரோடு கதைத்தால் நல்லது என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊர் முழுக்க எனக்குக் கடிதம் எழுதி ஆறுதல் கேட்கிறது, நான் போய் ஒருவரிடம் ஆறுதல் கேட்பதா? மூன்று மாதம் கடத்தினேன். நாலாம் மாதம் போனேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மாதா கோயில் வளவு, மதியம். மர வாங்கில் இருந்தபடியே பிலோமினா சட்டத்தைச் சொன்னார். "எப்படி வந்திச்சுன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் கேக்கக் கூடாது. மத்தது எல்லாம் கேக்கலாம்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. மழையைப் பற்றிச் சொன்னேன். கரண்ட் வெட்டைப் பற்றிச் சொன்னேன். சந்தை மீன் முன்னைப்போல் நல்லதாக வருவதில்லை என்றேன். நான் மீன் சாப்பிடுவதே இல்லை.

"சார்," என்றார் பிலோமினா, "நான் அரை நாள் லீவு போட்டுட்டு வந்தது மீன் கதை கேக்கவா?"

அவ்வளவுதான். அழத் தொடங்கிவிட்டேன். பட்டப்பகலில், மெழுகுதிரி விற்கிற அம்மா பார்த்துக்கொண்டிருக்க, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். சாகப் பயமில்லை, ஒருவருக்கும் தெரியாமல் தனியாக இருந்து சாகத்தான் பயம் என்றேன். வருத்தம் தெரிய வந்த நாளிலிருந்து நான் வாய் திறந்து சொன்ன முதல் உண்மை அது. பிலோமினா பையிலிருந்து கைக்குட்டை எடுத்துத் தந்தார்.

"கழுவித் திருப்பித் தரத் தேவையில்ல. எங்கிட்ட ஒரு டசன் இருக்கு. இந்த வேலைக்கு அது வேணும்."

அன்றிலிருந்து மாதத்தில் ஓரிரு சனிக்கிழமை சந்திப்போம். ஒருமுறை அவர் பக்கம், ஒருமுறை என் பக்கம். பெரிய தத்துவம் எதுவும் கதைப்பதில்லை. குளிசை குடித்தால் வருகிற தலைச்சுற்று, அவருடைய சட்டத்தரணியின் குறட்டை, என்னுடைய வாசகர்கள்... இப்படித்தான். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு நித்திரை வரும். படுக்கையில் வராத நித்திரை.

முந்தின சனிக்கிழமை என் பக்கம். காலி வீதியில் ஒரு சைவக்கடை. உளுந்து வடை கடித்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல என் தட்டை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி, கையால் மறைத்தபடி. பிலோமினா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எட்டி, நான் கடித்து வைத்த வடையில் ஒரு பாதியைப் பிய்த்து வாயில் போட்டார்.

"என்ன செய்யிறீங்கள்?" என்றேன், பதறிப்போய்.

"எனக்குப் புதுசா என்ன வந்துடப் போவுது?" மென்றுகொண்டே சிரித்தார். "உங்க அக்கா சாப்பிட்டாலும் ஒண்ணும் வராது. டொக்டர் சொன்னப்போ நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

இதே நேரம் கடையின் முன்பக்கம் வடைப் பார்சலுக்குக் காத்து நின்றவர் யார் தெரியுமா? எங்கள் கீழ்மாடி கமலா அன்ரி. மணமாகாத ஒரு ஆணும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் ஒரு வடையைப் பிய்த்துச் சாப்பிடுவதை வெள்ளவத்தையில் ஒருவர் கண்டால், அது என்ன என்று உங்களுக்கே தெரியும். மண்டபம் புக் பண்ண வேண்டியதுதான் பாக்கி.

பிலோமினாவை பஸ் ஏற்றிவிடப் புறப்பட்டேன். பஸ் நிற்கிற ஹோல்டுக்கு முன்னால் சோதனைச் சாவடி. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்கள் வரிசையில் பிலோமினாவுக்கு அடுத்ததாக, வடைப் பார்சலும் கையுமாக, கமலா அன்ரி.

அடையாள அட்டையைக் காட்டினேன். பொலிஸ் பதிவுத் துண்டைக் காட்டினேன். சிப்பாய் பைக்குள் கைவிட்டான். போத்தல் வெளியே வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மே மொனவத?" — இதெல்லாம் என்ன?

"விட்டமின்."

"லேபல் எங்கே?"

லேபல் எங்கே... அக்கா படித்துவிடுவார் என்று கிழித்துவிட்டேன் என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? தமிழில் சொன்னால் மட்டும் யார் நம்புவார்? சிப்பாய் ஒரு குளிசையை விரலிடையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அவன் முகம் போன போக்கில், சயனைட் என்று நினைக்கிறான் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பக்கம் நின்ற இன்னொருவனைக் கூப்பிட்டான்.

வாசகர்களே, அந்த நேரத்தில் என் மூளை செய்த வேலையைக் கேளுங்கள். இரண்டு வழி இருந்தது. மருந்தின் பெயரைச் சொல்லி, வருத்தத்தின் பெயரைச் சொல்லலாம் — கமலா அன்ரி நாலடி தள்ளி நிற்கிறார். அல்லது வாயை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறலாம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஜீப்பைப் பார்த்தேன். ஏறினால் எங்கே கொண்டுபோவார்கள், திரும்பி வருவேனா என்பது தெரியாது. எத்தனையோ பேர் வரவில்லை. அப்படியிருந்தும் அது கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்தது.

"மேக்க பலன்ன, மல்லி." இதைப் பாருங்கள் தம்பி — பிலோமினாவின் குரல். அடுத்த வரிசையிலிருந்து கை நீண்டது. கையில் அவருடைய போத்தல், லேபலோடு, பெயரோடு. நல்ல சிங்களத்தில், அவசரமில்லாமல் சொன்னார் — இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, இந்த ஐயா ஒரு பயந்தாங்கொள்ளி, லேபலைத் தொலைத்துவிட்டார். சிப்பாய் இரண்டு குளிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஒரே நிறம், ஒரே எழுத்து.

என்ன வருத்தத்துக்கு என்று கேட்டான்.

இரத்தத்தில் ஒரு வருத்தம் என்றார் பிலோமினா. பொய்யில்லை.

"நீரிழிவா?" என்று கேட்டான் சிப்பாய், தன் மொழியில். பிலோமினா தலையை ஆட்டினார். நம் நாட்டில் ஒரு தலையாட்டல் உண்டே... ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். சிப்பாய் ஓம் என்று எடுத்தான். முகம் இளகிவிட்டது. தன் தாய்க்கும் அதுதானாம், ஊரில் தனியாக இருக்கிறாவாம். போத்தலை என் கையில் தந்து, விரலை ஆட்டிப் புத்தி சொன்னான். "சீனி கன்ன எபா, மஹத்தயா." சீனி சாப்பிடாதீர்கள், ஐயா.

எல்லாவற்றையும் கமலா அன்ரி கேட்டுக்கொண்டு நின்றார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

அன்று மாலை தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்தேன்.

"என்ன அக்கா, சீனி முடிஞ்சு போச்சோ?"

"உனக்குத்தான் முடிஞ்சுது," என்றார் அக்கா. "கமலா எல்லாம் சொன்னவ. ஏன்ரா தம்பி எனக்கு ஒளிச்சனி? ஊர் உலகத்தில ஆருக்குத்தான் சீனி வருத்தம் இல்லை?"

பெருமூச்சு விட்டேன். தப்பினேன் என்று நினைத்தேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"வரிசையில நிண்டபடியே கமலா விசாரிச்சவவாம். வேதக்காரப் பெட்டையாம். பரவாயில்லை. புருஷன் செத்தவளாம். அதுவும் பரவாயில்லை. நான் யோசிச்சுப் பாத்தனான். ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம், ஒரே மருந்து. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொள்ளுவியள். சாதகம் பாத்துச் செய்தாலும் இப்பிடிப் பொருந்தாது."

அக்காவின் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அத்தான் போன பிறகு கண்டதில்லை. அடுத்த நாள் கட்டிலுக்குக் கீழிருந்து சூட்கேஸ் வெளியே வந்தது. தூசி தட்டினார். கனடாவுக்குப் போன் எடுத்து மகனிடம், "மாமாவுக்கு ஒண்டு பொருந்தி வந்திட்டுது, நான் அடுத்த மாசம் வாறன்" என்றார். எனக்குக் காலையில் வெந்தயம் ஊறின தண்ணீர், மத்தியானம் பாவற்காய், இரவில் குரக்கன் பிட்டு. கமலா அன்ரி தன் பங்குக்கு மேலே ஏறி வந்து புத்தி சொன்னார். "வருத்தத்தை ஒளிக்கக் கூடாது தம்பி. மனம் விட்டுக் கதைக்க வேணும் எண்டு பேப்பரில ஒருத்தர் கிழமைக்குக் கிழமை எழுதுறார். நீர் வாசிக்கிறேல்லையோ?"

அவர் என் நிரந்தர வாசகி. எழுதுவது தலைக்கு மேலே குடியிருக்கிறவன் என்பது அவருக்குத் தெரியாது.

ஒபிஸிலிருந்து பிலோமினாவுக்குப் போன் எடுத்தேன். கதையைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் அந்தப் பக்கம் டைப்ரைட்டர்கள் எல்லாம் நின்றுபோயின.

"எனக்கு இன்னொரு கல்யாணம் பண்ற யோசனையே இல்ல சார். இருந்தாலும் லேபல் கிழிக்கிற ஆளக் கட்ட மாட்டேன்." பிறகு குரல் மாறியது. "அக்கா எப்பப் போறாங்க?"

"அடுத்த மாதம். சந்தோஷமாய்ப் போறா. அப்பிடியே போகட்டும் எண்டு பாக்கிறன்."

"போன பிறகு சொல்லுவீங்களா?"

"இல்லை."

"அப்ப தனியா இருந்து சாகப் பயம்னு எங்கிட்ட அழுதது யாரு?" போனை வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அக்கா போய்விட்டால் நீலக் கோப்பையை ஒளிக்க வேண்டியதில்லை, போத்தலை மேசையில் வைக்கலாம், எவ்வளவு வசதி... ஆனால் நான் யாருக்குப் பயந்து ஒளிக்கிறேனோ, அவரைத் தவிர எனக்கு இந்த ஊரில் வேறு யார்?

ஞாயிறு பின்னேரம். அக்கா சேலைகளை மடித்து சூட்கேஸில் அடுக்கிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் சீனியில்லாத தேநீர். பத்தி எழுதுகிற மாதிரி, முன்னுரையோடு, உதாரணத்தோடு, பதமாகச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் ஒத்திகை பறந்துவிட்டது.

"அக்கா, எனக்குச் சீனி வருத்தம் இல்லை."

"பின்னை அந்தக் குளிசை?"

சொன்னேன். மூன்று எழுத்துத்தானே, சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அக்காவுக்கு அந்த மூன்று எழுத்தும் தெரிந்திருந்தது. பேப்பர் படிக்கிறவர் அல்லவா.

மடித்த சேலையை விரித்தார். மறுபடி மடித்தார்.

"கமலாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அந்தப் பெட்டைக்கும் இதுதானோ?"

"ஓம்."

"எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமாய்... இந்த வீட்டில... பக்கத்து அறையில இருந்துகொண்டு..."

முடிக்கவில்லை. என்னோடு ஒரே வீட்டில் இருந்தாயே என்று கேட்கிறாரா, தனியாகக் கிடந்து உத்தரித்தாயே என்று கேட்கிறாரா? எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. வாழ்க்கையில் அந்த நேரம் போல நான் பயந்ததில்லை. சோதனைச் சாவடி எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

கையிலிருந்த சேலையைக் கட்டிலில் வைத்துவிட்டு அக்கா கேட்டார்.

"அப்ப... சீனி போடலாமோ?"

"போடலாம்."

எழுந்து, எனக்கு முன்னாலிருந்த நீலக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறந்த சத்தம் கேட்டது. நெடுநேரம் ஓடியது. அழுகிறார் என்று நினைத்தேன். கழுவுகிறார் என்றும் நினைத்தேன்.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. கையில் அதே கோப்பை, புதுத் தேநீர். எனக்கு நேரே வந்து நின்றார். தரப்போகிறார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. கோப்பையைத் தன் வாயருகே கொண்டுபோனார். அண்ணாந்து அல்ல. விளிம்பில் உதடு வைத்து ஒரு மிடறு குடித்தார். அத்தானின் கோப்பையில் வாய் வைக்காத அக்கா.

தடுக்கத்தான் என் கை போனது. இரண்டு வருடம் கிளினிக்கில் பாடம் கேட்ட கை!

"சீனி காணுமோ எண்டு பாத்தனான்," என்றார் அக்கா. கோப்பையை என் கையில் வைத்தார். "குடி, ஆறப் போகுது."

குடித்தேன். கண்ணீர் ஒருபக்கம் கோப்பைக்குள் விழுந்துகொண்டிருந்தது. பிலோமினாவின் கைக்குட்டை அன்றைக்குப் பார்த்துச் சலவைக்குப் போயிருந்தது.

சூட்கேஸ் இன்னும் கட்டிலில் பாதி நிரம்பியபடி கிடக்கிறது. போவாரா, மாட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை பிலோமினா சாப்பிட வருகிறார் — சம்பந்தம் பேச அல்ல, பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட. போத்தலில் புது லேபல் ஒட்டியிருக்கிறேன். இதையெல்லாம் பேப்பரில் எழுதட்டோ என்று அக்காவிடம் அனுமதி கேட்டேன். யோசித்தார். "எழுது. ஆனா கமலாவுக்கு முதல் நான் சொல்லிப்போடுறன். பேப்பரில பாத்துத் தெரிஞ்சால், தனக்குச் சொல்லேல்லை எண்டு அவ கோவிப்பா."

அன்றைய தேநீரில் சீனி இரண்டு கரண்டி கூடிப்போயிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை... எல்லாவற்றையும் மனம் விட்டுக் கதைக்க வேண்டும் என்று யார் சொன்னது?